திட்ட அறிக்கை கையில் இருக்கிறது. தொழில் திட்டத்தை நானும் எழுத வேண்டுமா?

செக்கடி (அவிநாசி வட்டாரம்) | மார்ச் 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டும் தொழில் தொடங்க இருக்கிறேன். பத்து வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கொஞ்சம் இருக்கிறது. மீதிக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று மாவட்டத் தொழில் மையத்தில் சொன்னார்கள். திட்ட அறிக்கை வேண்டும் என்றதும், அதை எழுதித் தருபவர் ஒருவரிடம் 4,500 ரூபாய் கொடுத்தேன். இரண்டே நாளில் 26 பக்கத்தை ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 14ஆம் பக்கத்தில் "கயிறு திரிக்கும் இயந்திரத்தின் உற்பத்தித் திறன்" என்று ஒரு வரி இருந்தது. நான் ஆட்டப்போவது கடலை எண்ணெய். யாரோ ஒரு கயிறு தொழில்காரருக்கு எழுதியதில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு எந்த எண்ணையும் நம்ப மனம் வரவில்லை. இரண்டு செக்கு, மொத்த முதலீடு 9 லட்சம், முதல் வருடமே 80 சதவீத உற்பத்தி, வருட லாபம் 4,12,000 ரூபாய் என்று இருக்கிறது. இந்த 4,12,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

"வங்கிக்குக் காகிதம் வேண்டும், கொடுத்தாயிற்று, விடு" என்கிறார் என் கணவர். நானே உட்கார்ந்து ஒன்று எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு (விருதுநகர்) | மார்ச் 3, இரவு 10.25

தங்கைக்கு வாழ்த்துகள். நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். என் தந்தை 38 வருடம் மளிகைக் கடை நடத்தினார். ஒரு நாளும் திட்டம் என்று எதையும் எழுதியதில்லை. ஐந்து வருடத்துக்கு விற்பனை இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று கட்டம் போட்டு நிரப்புவது ஜோசியம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு என்ன நடக்கும் என்று அன்று காலையில் யாருடைய திட்டத்தில் இருந்தது? 2020 மார்ச்சில் கடையை அடைக்கச் சொல்வார்கள் என்று யார் எழுதி வைத்திருந்தார்?

சரக்கை அறிந்து, ஆளை அறிந்து, கடனுக்குக் கொடுக்காமல் இருந்தால் தொழில் நிற்கும். எழுதும் நேரத்தில் நாலு வாடிக்கையாளரைப் போய்ப் பாருங்கள்.

ஓய்வு மேலாளர் (ஈரோடு) | மார்ச் 4, காலை 6.10

அம்மணி, நான் 31 வருடம் வங்கியில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் சிறுதொழில் கடன் மேசைதான். கயிறு கதை எனக்குப் புதிதில்லை. கோழிப்பண்ணைக்கு வந்த அறிக்கையில் துணி வெளுக்கும் ரசாயனத்துக்குச் செலவு போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அறிக்கையை மூடி வைத்துவிட்டு எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: "வருடத்தில் எந்த மாதம் உங்கள் கையில் பணம் மிகக் குறைவாக இருக்கும்?" தானே எழுதியவர் உடனே பதில் சொல்வார். "ஐப்பசி, கார்த்திகை ஐயா. அப்போதுதான் சரக்கு எடுக்க வேண்டும், தீபாவளிக்கு ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும்" என்பார். வாங்கி வந்தவர் பக்கத்தில் இருக்கும் ஆடிட்டரின் உதவியாளரைத் திரும்பிப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் கடன் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் வருடம் யாருடைய கணக்கு ஒழுங்காக இருந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

சிறுதொழில் பெரும்பாலும் நஷ்டத்தால் மூடுவதில்லை. லாபம் காகிதத்தில் இருக்கும், பணம் சரக்கிலும் பாக்கியிலும் முடங்கியிருக்கும். கரண்ட் பில் கட்டும் தேதியில் கை வெறுமையாக இருக்கும். அந்தத் தேதிகளைச் சமாளிக்கக் கையில் இருக்க வேண்டிய பணத்தைத்தான் நடைமுறை மூலதனம் என்று நாங்கள் சொல்வோம். ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி, எதிர்பார்க்கும் வருட விற்றுமுதலில் கால் பங்கு நடைமுறை மூலதனமாக வேண்டும். அதில் வங்கி 20 சதவீதம் தரும், 5 சதவீதம் உங்களுடையது. ஆனால் அது எல்லாத் தொழிலுக்கும் பொதுவான கணக்கு. அறுவடைக் காலத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் செக்குக்காரருக்குக் கால் பங்கு போதாமல் போகலாம். அதை நீங்கள்தான் கணக்குப் போட்டு மேலாளரிடம் சொல்ல வேண்டும். அறிக்கையை விற்றவர் சொல்லமாட்டார்.

முதலில் 100 கிலோ பருப்புக்கு மட்டும் கணக்கு எழுதி இங்கே போடுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

செக்கடி | மார்ச் 4, இரவு 11.05

ஐயா சொன்னபடி எழுதினேன். பக்கத்து ஊரில் செக்கு வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் மதியம் போய் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஓர் ஆட்டத்துக்கு 15 கிலோ பருப்பு போடுகிறார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. நாளைக்கு ஆறு ஆட்டம், தள்ளினால் ஏழு.

நிலக்கடலைப் பருப்பு 100 கிலோ, கிலோ 120 ரூபாய் வீதம் 12,000 ரூபாய். இரண்டரைக் கிலோவுக்கு ஒரு லிட்டர் என்பதால் 40 லிட்டர் எண்ணெய். பிண்ணாக்கு 60 கிலோ நிற்கும், கிலோ 45 ரூபாய்க்கு மாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், 2,700 ரூபாய். பாட்டிலும் லேபிளும் லிட்டருக்கு 12 ரூபாய் வீதம் 480. (எண்ணெயைத் தகரத்திலிருந்து அளந்து ஊற்றி விற்க உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பதில்லை, அடைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அந்த அக்கா சொன்னார். என் 26 பக்கத்தில் பாட்டில் செலவே இல்லை.)

கடைகளுக்கு லிட்டர் 260 ரூபாய்க்குப் போட்டால் 10,400, பிண்ணாக்கோடு 13,100. பருப்பும் பாட்டிலும் போக 620 ரூபாய் மிஞ்சுகிறது. ஒரு நாள் முழுக்கச் செக்கு ஓடி, கூலி, கரண்ட், வண்டி எல்லாவற்றுக்கும் 620 ரூபாய்.

நேராக வீடுகளுக்கு 300 ரூபாய்க்குக் கொடுத்தால் 2,220 ரூபாய் நிற்கிறது.

திருப்பூரில் பத்துக் கடைகளுக்குப் போடலாம் என்பதுதான் இத்தனை நாள் என் மனதில் இருந்த யோசனை. மூன்று கடைக்காரர்களிடம் பேசியும் வைத்திருந்தேன். அந்த 620ஐப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரில் மூன்று முறை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

பில்டர் காபி (கோவை) | மார்ச் 5, காலை 7.30

அக்கா, இந்தக் கணக்கைக் கடை திறப்பதற்கு முன்னால் போட்டீர்களே, அதற்கே கும்பிட வேண்டும். நான் பதினான்கு மாதம் டீக்கடை நடத்தி மூடினேன். டீ நன்றாக இருந்தது. காலை ஆறு மணிக்கே ஆள் நிற்பார்கள். என்னிடம் இருந்தது 6 லட்சம். பத்து மாத வாடகை அட்வான்ஸ் 2,80,000. கடை முன்னால் போர்டு, டைல்ஸ், விளக்கு என்று 1,90,000. பாய்லர், பாத்திரம், மேசை நாற்காலிக்கு ஒரு லட்சம். திறந்த அன்று கையில் 30,000 ரூபாய்தான் இருந்தது.

பால்காரருக்கு வாரம் ஒருமுறை, பேக்கரி சரக்குக்குத் தினமும், மாஸ்டருக்குத் தினக்கூலி. எதிரில் இருந்த அலுவலகத்தில் மாதக் கணக்கு வைத்துக் குடித்தார்கள், பணம் 40 நாள் கழித்து வரும். ஏழாவது மாதத்தில் நகை அடகுக்குப் போனது. பதினான்காவது மாதம் பாய்லரை வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தேன். அட்வான்சில் கடைசி மாதங்களின் வாடகையையும் பெயின்ட் அடிக்கும் செலவையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் ஒரே ஒரு தாளில் மாதவாரியாக வரவும் செலவும் எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளை எழுத 40 நிமிடம் ஆனது. திறப்பதற்கு முன்னால் எழுதியிருந்தால் டைல்ஸ் போட்டிருக்கமாட்டேன், மாதக் கணக்குக்கு ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன். அந்த 1,90,000 கையில் இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கேதான் டீ ஆற்றிக்கொண்டிருப்பேன். என் மனைவியின் சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

நூல்காரர் (திருப்பூர்) | மார்ச் 5, மதியம் 1.15

பேரேடு அண்ணனுக்கு ஒரு பதில். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் என்று நம்பி யாரும் திட்டம் எழுதக் கூடாது. விலை ஏறினால் எவ்வளவு தூரம் தாங்குவோம் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறோம். 2021-22இல் நூல் விலை எப்படி ஏறியது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் வேலை நிறுத்தம் செய்தது. என்னிடம் பன்னிரண்டு தையல் மெஷின்தான். அதற்கு முந்தைய வருடம் ஓர் இலவசப் பயிற்சியில் எழுதச் சொன்னார்கள் என்பதற்காக ஒரு திட்டம் எழுதியிருந்தேன். அதில் "நூல் விலை 20 சதவீதம் ஏறினால்" என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பியபோதே தெரிந்தது, ஒரு பீஸுக்கு நான் பிடிக்கும் விலையில் 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் தாங்காது.

அதனால் விலைப்புள்ளி கொடுக்கும்போது பத்து நாளுக்கு மட்டுமே செல்லும் என்று எழுத ஆரம்பித்தேன். அதற்காக இரண்டு பார்ட்டிகள் என்னிடம் கோபித்துக்கொண்டு போனார்கள். ஆறு மாதத்துக்கு ஒரே விலை என்று ஒப்புக்கொண்ட என் நண்பர், ஏற்றத்தின்போது ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து போட்டு அனுப்பினார். நூல் விலை ஏறும் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. என் வரம்பு எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

தங்கைக்கு ஒன்று. கடைகளுக்குக் கடனுக்குப் போடுவதாக இருந்தால் முதலில் உதயம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் 15 நாளில் பணம் தர வேண்டும்; எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 2024 ஏப்ரலிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் தரும் வருடத்தில்தான் வாங்கியவர் வருமானவரியில் செலவாகக் கழிக்க முடியும். சட்டம் கையில் இருந்தாலும் கடைக்காரரிடம் சண்டை போட உங்களுக்கு மனம் வராது. ஆகவே திட்டத்தில் 45 நாள் கழித்தே பணம் வரும் என்று போட்டுக் கணக்குப் பாருங்கள்.

பேரேடு | மார்ச் 5, இரவு 8.50

எல்லோருடைய பதிவையும் படித்தேன். கோவைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

இன்று கடையை அடைத்த பிறகு அப்பாவின் பழைய பெட்டியைத் திறந்தேன். பேரேடுகள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் சித்திரை முதல் நாள் கணக்கில் முதல் பக்கம் மஞ்சள் வைத்து வெற்றாக இருக்கும், இரண்டாம் பக்கத்தில் சில வரிகள் எழுதியிருப்பார். இத்தனை வருடம் நான் அதைச் சரக்குப் பட்டியல் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "துவரை தை மாதம் 8 மூட்டை. அதற்கு மேல் வேண்டாம். வடக்குத் தெரு பாக்கி 3,000 தாண்டக் கூடாது. பங்குனிப் பொங்கலுக்கு வெல்லம் இரண்டு மடங்கு. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வியாபாரம் படுக்கும், சீட்டுப் பணம் அதற்கு."

அவர் எழுதாமல் நடத்தினார் என்று நான் சொன்னது தவறு.

ஆனால் ஐந்து வருட விற்பனைக் கட்டம் வீண் என்பதில் என் கருத்து மாறவில்லை. அப்பா ஒரு வருடத்துக்கு மேல் எழுதியதே இல்லை.

ஓய்வு மேலாளர் | மார்ச் 6, காலை 6.20

பேரேட்டுக்காரரே, அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். நான் பயிற்சி வகுப்பில் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த நாலு வரியில் அடங்கியிருக்கிறது. ஐந்து வருடக் கட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வதையும் பெருமளவு ஏற்கிறேன். தவணைக் காலம் ஐந்து வருடம் என்பதால் வங்கி அதைக் கேட்கிறது. தொழில் நடத்துபவருக்குப் பன்னிரண்டு மாதக் கட்டம் போதும், அதை மாதாமாதம் உண்மைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

புதுக்கடை | மார்ச் 6, காலை 9.00

இதற்கு ஏதாவது மாதிரிப் படிவம் கிடைக்குமா? யாராவது அனுப்பினால் உதவியாக இருக்கும்.

பில்டர் காபி | மார்ச் 6, காலை 9.35

தம்பி, படிவத்தைத் தேடாதீர்கள், நானும் அப்படித்தான் இரண்டு வாரம் தேடினேன். நோட்டில் பன்னிரண்டு கோடு போடுங்கள். மேலே மாதங்கள். கீழே அந்த மாதம் உண்மையில் கைக்கு வரும் பணம், கையை விட்டுப் போகும் பணம், மாதக் கடைசியில் மிச்சம். விற்ற மாதத்தில் எழுதாதீர்கள், பணம் வரும் மாதத்தில் எழுதுங்கள். மிச்சம் எந்த மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ அங்கே சிவப்பு மையால் வட்டம் போடுங்கள்.

செக்கடி | மார்ச் 8, இரவு 10.15

மூன்று நாளாக எழுதினேன். என் கணவரும் உட்கார்ந்தார். முதலில் டிவி பார்த்துக்கொண்டே கேட்டார், பிறகு டிவியை அணைத்துவிட்டார்.

ஒரு செக்கு போதும். நாளைக்கு ஆறேழு ஆட்டம் ஓட்டினால் 100 கிலோ ஆகிவிடும். இரண்டாவது செக்குக்கு முதல் வருடம் வேலையே இல்லை. அந்த அக்காவிடம் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சொந்தக் கடலையைக் கொண்டு வந்து கூலிக்கு ஆட்டிப் போகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கிலோவுக்கு 15 ரூபாய். அதில் என் பணம் சரக்கில் முடங்குவதில்லை. ஆகவே 60 கிலோ கூலி ஆட்டம், 40 கிலோ சொந்தச் சரக்கு என்று வைத்துக்கொண்டேன். மாதம் 25 நாள்.

கூலியில் 22,500 ரூபாய். சொந்த எண்ணெயை வீடுகளுக்கு நேராகக் கொடுத்தால் 22,200. ஆக 44,700.

முதலீடு 9 லட்சத்திலிருந்து 5 லட்சமாக இறங்கியது. செக்கும் மோட்டாரும் 1,90,000. சல்லடை, தெளிய வைக்கும் எவர்சில்வர் தொட்டி, மூடி போடும் கருவி எல்லாம் 65,000. மின் இணைப்பும் தரை வேலையும் 45,000. சரக்குக்கு 2 லட்சம். பிரதமர் திட்டத்தில் கிராமப்புறம், பெண் என்பதால் 35 சதவீத மானியம், அதாவது 1,75,000. என் பங்கு 5 சதவீதம், 25,000. மானியம் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியில் வைப்பாக நிற்கும், அந்த அளவுக் கடனுக்கு வட்டி இல்லை என்று விளக்கினார்கள். மீதி 3 லட்சத்துக்கு வட்டியும் அசலுமாக மாதம் 6,500 வரும் என்று வைத்திருக்கிறேன்.

வாடகை 7,000, ஓர் ஆளுக்கு 14,000, கரண்ட் 5,000, சில்லறைச் செலவு 2,000. தவணையோடு 34,500. மிச்சம் 10,200.

பனியன் கம்பெனியில் எனக்கு வந்தது 12,000. முதல் வருடம் அதைவிடக் குறைவாகத்தான் வரும். கண்ணால் பார்த்து, தெரிந்தே இறங்குகிறேன். 4,12,000 என்று நம்பி இறங்கியிருந்தால் மூன்றாவது மாதமே ஏமாந்துவிட்டோம் என்று மனம் உடைந்திருக்கும்.

ஓய்வு மேலாளர் | மார்ச் 9, காலை 6.05

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மணி. மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன்.

ஒன்று, முதல் நாளே 100 கிலோ ஓடாது. முதல் நான்கு மாதம் 40, 55, 70, 85 என்று வைத்து மறுபடி போடுங்கள். பற்றாக்குறை எவ்வளவு வருகிறதோ, அந்தத் தொகையை உங்கள் சேமிப்பிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். செக்கில் போடாதீர்கள்.

இரண்டு, கரண்ட் பில்லில் நிலைக்கட்டணம் என்று ஒன்று உண்டு, செக்கு ஓடாத மாதத்திலும் வரும். 2022 செப்டம்பரில் அது கூடியபோது சிறு தொழிற்கூடங்கள் எவ்வளவு திணறின என்று எனக்குத் தெரியும். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று கேட்டு அதை மட்டும் தனி வரியாக எழுதுங்கள்.

மூன்று, பருப்பு 120 ரூபாய் என்று வருடம் முழுக்கப் போட்டிருக்கிறீர்கள். நூல்காரர் சொன்ன அதே கட்டம் உங்களுக்கும் வேண்டும். 135 ஆனால் 100 கிலோவுக்கு 1,500 ரூபாய் கூடுதல் செலவு; வீட்டு விற்பனையில் 2,220 நிற்பது 720 ஆகிவிடும். எண்ணெய் விலையை எந்த இடத்தில் ஏற்றுவீர்கள் என்று இப்போதே தீர்மானித்து எழுதுங்கள். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த முடிவை எடுக்க முடியாது.

செக்கடி | மார்ச் 9, இரவு 9.30

ஐயா, மூன்றையும் எழுதிவிட்டேன். முதல் நான்கு மாதப் பற்றாக்குறை, நிலைக்கட்டணத்தையும் சேர்த்து, 30,000க்கு மேல் வருகிறது. சேமிப்பில் இருக்கிறது, தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். கடைக்காரர்கள் மூவருக்கும் போன் செய்து, முதல் வருடம் சரக்கு தர முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருவருக்கு வருத்தம்.

பழைய 26 பக்கத்தை எழுதிக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொண்டுபோனேன். என் நோட்டைக் காட்டி, இந்த எண்களை வைத்து வங்கி கேட்கும் வடிவில் மாற்றித் தாருங்கள் என்றேன். கயிறு இயந்திரத்தைக் காட்டியதும் ஒன்றும் பேசவில்லை, கூடுதல் பணமும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. பருப்பாக வாங்குவதா, காயாக வாங்கி உடைத்துக்கொள்வதா? 100 கிலோ காய்க்கு 65லிருந்து 70 கிலோ வரை பருப்பு நிற்கும் என்கிறார்கள். உடைக்கும் கூலி போக எது லாபம் என்று காகிதத்தில் தெரியவில்லை. இந்த வாரம் சேவூர் விற்பனைக்கூடத்தில் ஏலம் நடக்கும் நாளில் நோட்டோடு போய் நிற்கப் போகிறேன். யாராவது அங்கே வாங்கிய அனுபவம் இருந்தால், ஈரம் எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

பேரேடு | மார்ச் 9, இரவு 9.50

தங்கை, கைப்பிடி காயை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். காய்ந்த காயில் பருப்பு ஆடும் சத்தம் கேட்கும், ஈரக்காயில் கேட்காது. மூட்டையின் மேல்வாயில் எடுக்காதீர்கள், கையை உள்ளே விட்டு அடியிலிருந்து எடுங்கள்.